ஒரு கேஸ் ஈய எழுத்தும் பதினாலு மாசமும்

விருதுநகர்ப் பக்கத்தில், காலால் மிதித்து ஓட்டுகிற ட்ரெடில் மெஷின் வைத்திருந்த ஒரு அச்சகத்தை மூடினார்கள். மெஷினை இரும்பு விலைக்கும் எழுத்துகளை ஈய விலைக்கும் எடை போட்டுக்கொண்டிருந்த நாளில் நான் வேறு சோலியாக அங்கே போய் நின்றேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதணி விழா ஃபிளெக்ஸ் என்று கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து, அதாவது டிடிபி பண்ணிப் பிழைக்கிறவன் நான். பதினெட்டு வருஷமாகத் தமிழ் எழுத்தைக் காசாக்கியிருக்கிறேன். ஒரு எழுத்தை விரலில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சாக்கில் கொட்டுவதற்கு முன்னால் எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற தட்டு, ஒரே ஒரு மரக் கேஸை மட்டும் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக் கட்டினேன். 24 பாயிண்ட் எழுத்து. தலைப்புக்குப் போடுகிற அளவு.

அந்த அச்சகத்தில் நாற்பது வருஷம் எழுத்துக் கோர்த்த கம்பாசிட்டர் அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி செய்யப் போறீங்க இத வச்சு?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன் அண்ணாச்சி" என்றேன். "ஏத்துங்க, ஏத்துங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு விளங்க ஆறு மாசம் ஆனது.

என் கணக்கு ரொம்ப எளிசு. எழுத்தில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றுவேன், ஸ்கேன் பண்ணுவேன், கோடு எடுப்பேன், எழுத்துருவாக்குவேன். இரண்டு மாசம் போதும். கடையில் எல்லாரும் போடுகிற அதே நாலு எழுத்துருவைத் தவிர என்னிடம் மட்டும் ஒன்று இருக்கும்.

முதலில் சுத்தம் செய்தேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததில், பல வருஷத்து மை கரைந்து எழுத்தின் முகம் வெளியே வந்தது. ஈயம் என்பதால் பிள்ளைகளை அண்டவிடவில்லை; கையைக் கழுவாமல் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. எழுத்து நிற்கும் உயரம் 23 மில்லிமீட்டர் சொச்சம். முகத்தின் பக்கம் 24 பாயிண்ட், அதாவது கட்டையின் மேல்கீழ் அளவு எட்டரை மில்லிமீட்டர். அதற்குள்தான் ணூ முழுசாக உட்கார்ந்திருக்கிறது, மூன்று சுழியோடும் வாலோடும்.

ஸ்டாம்ப் பேடில் ஒற்றிப் பார்த்தேன். தண்ணீர் மை; ஓரமெல்லாம் பூத்துவிட்டது. பக்கத்து ஆஃப்செட்டில் ஒரு கரண்டி கறுப்பு மை வாங்கி, கண்ணாடித் துண்டில் ரப்பர் ரோலரால் தேய்த்து, எழுத்தில் மெல்லிசாக ஏற்றி, ஆர்ட் பேப்பரை மேலே போட்டு ஸ்பூனின் முதுகால் அழுத்தினேன். அது வேலை செய்தது. ஒரு எழுத்துக்கு மூன்று பிரதி. 2400 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 2400 பிக்சலில், ஸ்கேன் செய்ததில் ஒரு எழுத்துக்கு 800 பிக்சல் உயரம் கிடைத்தது. போதாதா? போதும் என்றுதான் நினைத்தேன்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகிற மென்பொருளில் படத்தைக் கொடுத்துத் தானாகக் கோடு எடுக்கச் சொன்னால் க-வுக்கு 173 கணுக்கள் வந்தன. (கோட்டைப் பிடித்து வளைக்கிற அந்தப் புள்ளிகளைக் கணு என்றே எழுதுகிறேன். புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பும்.) காகிதத்தின் நார், மை ஒதுங்கிய விளிம்பு, எழுத்தின் மூலையில் இருந்த தேய்மானம் எல்லாவற்றையும் அது விசுவாசமாக வரைந்திருந்தது. பெரிசாக்கிப் பார்த்தால் கரப்பான் அரித்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எழுத்துரு செய்கிற மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் ஸ்கேனைப் பின்னால் வைத்து, ஒவ்வொரு வளைவின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் என்று நாலு இடத்தில் மட்டும் கணு வைத்துக் கையால் வரைய ஆரம்பித்தேன். க 26 கணுவில் முடிந்தது. ட-வுக்கு ஆறே ஆறு.

ஓலையில் நேர்கோடு கீறினால் கிழியும், அதனால்தான் தமிழ் வட்டமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். ட, ப, ம மூன்றையும் வரைந்து முடித்த கை அதை அப்படியே ஒப்புக்கொள்ளாது. சரி, போகட்டும்.

இரண்டு மாசத்தில் உயிரும் மெய்யும் முடிந்தன. சின்னதாக ஒரு வரி அடித்துப் பார்த்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருந்தன. வரியாக நின்றபோது சில எழுத்து கறுத்தும் சில எழுத்து வெளுத்தும் தெரிந்தன. என் கோட்டின் குறை என்று இரண்டு வாரம் கனத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேஸைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கே போனேன்.

அவர் காகிதத்தைப் பார்க்கவேயில்லை. கேஸிலிருந்து ஒரு க-வை எடுத்தார், இன்னொரு க-வை எடுத்தார், முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் பக்கவாட்டில் திருப்பி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். கட்டையின் இடுப்பில் ஒரு வெட்டு உண்டு. கோர்க்கும்போது எழுத்து நேராக இருக்கிறதா தலைகீழா என்று விரலுக்குச் சொல்வதற்கு. ஒன்றில் ஒரு வெட்டு இருந்தது, இன்னொன்றில் இரண்டு.

"ரெண்டும் வேற வேற ஃபவுண்டரில வார்த்தது தம்பி. எழுத்து பத்தலன்னா முதலாளி கிடைக்கிற இடத்துல வாங்கிப் போடுவாரு. நோட்டீஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தெரியாதுதான். எனக்கும் தெரியவில்லையே. 173 கணுவைக் கண்டுபிடித்த ஸ்கேனர் இதைக் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் நான் முகத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்தேன். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டை வைத்துப் பிரித்தேன். ஒற்றை வெட்டு எழுத்தே அதிகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினேன். வரைந்ததில் பதினோரு எழுத்தைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. பிரித்து முடித்தபோது கேஸில் சில எழுத்து அறவே இல்லை என்பதும் தெரிந்தது. ஙூ, ஞூ இல்லாததில் ஆச்சரியமில்லை, யாருக்கு வேண்டும்? ளூ இல்லை என்பதுதான் இடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே கேஸில் இன்னொரு சங்கதியும் கிடைத்தது. துதிக்கை போட்ட பழைய ணை, லை, ளை, னை. சுருட்டி எழுதுகிற பழைய ணா, றா, னா. பெரியார் 1935-லிருந்து குடி அரசில் போட்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-இல் எடுத்துக்கொண்டபோது மாறியவை 13 எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். கேஸில் ஏழு அறைதான் இருந்தன. முதலில் குழம்பி, பிறகு சிரித்துக்கொண்டேன்: ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறுக்கும் கம்பாசிட்டர் கொம்பைப் போட்டுவிட்டு அதே பழைய ணா, றா, னா-வை எடுத்து வைப்பார். இலக்கணம் எண்ணினால் பதின்மூன்று, ஈயம் எண்ணினால் ஏழு.

இதே பார்வை என் வேலைக்கும் உதவியது. 247 எழுத்து என்று மலைத்துப் போயிருந்தேன். வரைய வேண்டியதை ஈயக் கணக்கில் எண்ணினால், உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, உகர ஊகார வரிசை 36, இகர ஈகார வரிசை 36, கால் கொம்பு முதலிய குறிகள் 7, ஒரு புள்ளி. 111. ர்-க்குத் தனியாக ஒன்று சேர்த்து 112. கிரந்தமும் எண்களும் நிறுத்தற்குறிகளும் அது போக. மீதியெல்லாம் இவற்றைக் கோர்ப்பதுதான்.

இந்த 112-இல் என்னை அடித்துப் போட்டது உகர வரிசை.

ஆகாரம் என்றால் கால், ஏகாரம் என்றால் இரட்டைக் கொம்பு; எந்த மெய்யோடும் அதே குறிதான். உகரம் அப்படி ஒத்துவராது. மெய்யோடு ஒட்டிப் பிறக்கிறது, மெய்யைப் பார்த்து வடிவம் மாறுகிறது. சின்ன வயதில் எழுதிப் பழகியதால் நமக்கு உறைப்பதில்லை. வரைய உட்கார்ந்தபோது மூன்று கட்சியாகப் பிரித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் வலப்பக்கம் வளைந்து கீழே இறங்குபவை. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் வலது கோட்டை நேராகக் கீழே இழுப்பவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே இறங்கி வலப்பக்கம் போய் நிமிர்ந்து நிற்பவை. ஊகாரத்தில் கூ-வும் சூ-வும் எந்தக் கட்சியிலும் சேராமல் தனி வழி போகும். ஏழு பேர் கட்சியில் மட்டும் நிமிர்ந்த கோட்டோடு காலையும் சேர்த்துவிட்டால் ஊகாரம்: தூ, நூ, லூ.

அந்தக் கடைசிச் சமாச்சாரத்தால் டிடிபிக்காரர்கள் படுகிற பாடு தனி. தூ என்பது கண்ணுக்கு து-வும் காலும் போலவே இருப்பதால், நிறையப் பேர் து அடித்துக் காலும் அடித்துவிடுகிறார்கள். தாளில் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டரில் தூத்துக்குடி என்று தேடினால் அந்தத் தூத்துக்குடி அகப்படாது. என் கடையின் பழைய கோப்புகளிலேயே இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. அடித்த கை என்னுடையதுதான். எழுத்துரு செய்கிறவன் இதை ஒழிக்க முடியாது. ஆனால் காட்டிக்கொடுக்கலாம். என்னுடைய தூ-வில் அந்தக் காலை நிமிர்ந்த கோட்டோடு ஒட்டி இடைவெளியை இறுக்கிவிட்டேன். து-வும் காலும் தனித்தனியாக அடித்தால் நடுவில் மயிரிழை கூடுதல் வெள்ளை தெரியும். பழகிய கண் பிடித்துவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாது. எனக்கு அது போதும்.

உகர வளைவை முதலில் ஒன்று வரைந்து ஆறு எழுத்துக்கும் ஒட்டினேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. மு-வில் அழகாக இருந்த வளைவு டு-வில் தொங்கியது, ழு-வில் ஏற்கெனவே கீழே இருக்கும் வாலோடு மோதியது. ஈயத்தைத் திரும்பப் பார்த்தேன். டு-வின் வளைவு குறுகல். ழு-வின் வளைவு ழ-வின் வாலுக்கு இடம் விட்டு வெளியே தள்ளி இறங்குகிறது. கு-வின் வளைவு க-வின் கடைசி வளைவோடு ஒரே மூச்சில் போகிறது. வார்ப்புக்கு அச்சு வெட்டியவர் ஆறையும் ஆறு தரம் யோசித்திருக்கிறார். நானும் ஆறு தரம் வரைந்தேன். உகர ஊகாரத்துக்கு மட்டும் ஐந்து மாசம் போயிற்று.

ண-வோடு பட்டது இன்னொரு கதை. முதல் தடவை கோப்பை உருவாக்கி அடித்துப் பார்த்தபோது ண-வின் சுழிகள் மூன்றும் கறுப்பாக அடைத்துக்கொண்டு வந்தன, வெல்லக்கட்டி மாதிரி. வெளிக்கோடு எந்தத் திசையில் சுற்றுகிறதோ உள்கோடு அதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் ஓட்டை அடைபடும். ஃபான்ட்ஃபோர்ஜில் திசையைச் சரிசெய்ய ஒரு கட்டளை உண்டு, ஒரு நிமிஷ வேலை. ஆனால் திறந்த பிறகும் ண பக்கத்து எழுத்தைவிடக் கறுப்பாகவே இருந்தது. மூன்று சுழியும் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரே எழுத்தில் நெருக்கியடித்தால் கறுக்காமல் என்ன செய்யும்? கோட்டை மெலித்தேன், சோகை பிடித்தது போலானது. பிறகு கோட்டைக் கொஞ்சமே கொஞ்சம் மெலித்து, அகலத்தைத் தாராளமாகக் கூட்டினேன். ரெண்டு சுழி ன-வுக்கு 780 அலகு, மூணு சுழி ண-வுக்கு 1090. (எழுத்தின் சதுரத்தை 1000 அலகாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்கிறேன், ண அந்தச் சதுரத்தைவிட அகலம்.)

சுழி அடைபடுவது தமிழ் அச்சுக்குப் பிறவி வியாதி. 1713 வாக்கில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது. அங்கே இருந்த பாதிரியார் சீகன்பால்கின் ஆட்கள் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியின் உறைகளை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். 1715-இல் முடிந்த புதிய ஏற்பாடு அப்படித்தான் கைக்கு அடக்கமானது. சின்னதாக்கும்போது சுழியைத் திறந்து வைக்க அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று ண-வோடு மல்லுக்கட்டிய ராத்திரிகளில் நினைத்துக்கொண்டேன். தரங்கம்பாடிக்கு நேரில் போயிருக்கிறேன், அப்போது இதெல்லாம் தெரியாமல் கடலைப் பார்த்துவிட்டு மீன் தின்றுவிட்டு வந்தேன்.

எட்டாவது மாசம் ஒரு நிஜப் பத்திரிகையில் வைத்துப் பார்த்தேன். மணப்பெண் ஊர் தாராபுரம்.

அந்தச் சொல்லை ஒருமுறை உற்றுப் பாருங்கள். த, கால், ர, கால், பு, ர, ம். ர-வுக்கும் காலுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் ர-வின் அடியில் சாய்வாக இழுக்கிற ஒரு சின்ன வால். 24 பாயிண்டில் கச்சிதமாக இருந்த வால், பத்திரிகையின் அடியில் 8 பாயிண்டில் போட்டபோது காணாமல் போயிற்று. த-வுக்குப் பக்கத்தில் மூன்று கம்பம் நட்டது மாதிரி நின்றது. பழைய காலத்துச் சுவடியில் ர-வும் காலும் ஒன்றுபோலவே இருந்தன, வாசிக்கிறவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். தாலிகட்டு பார்க்க வருகிறவர்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. வாலை நீட்டினேன், கொஞ்சம் தடிப்பாக்கினேன். 24 பாயிண்டில் பார்த்தால் இப்போது லேசாக முரட்டுத்தனம் தெரிகிறது. 8 பாயிண்டில் தாராபுரம் தாராபுரமாக இருக்கிறது. என் கடைக்கு எட்டுதான் சோறு போடுகிறது.

வாலை நீட்டியதும் புது வம்பு. தேர்த்திருவிழா, ஊர்வலம், பார்வை எல்லாவற்றிலும் ர்-இன் வால் அடுத்த எழுத்தின் அடியில் இடித்தது. இடைவெளி கொடுத்தால் சொல் நடுவில் ஓட்டை. ரி-யிலும் அதே தொல்லை. கேஸைத் துழாவினால் ஈயத்தில் ர், ரி, ரீ மூன்றுக்கும் வாலே இல்லை. வெறும் காலின் மேல் புள்ளி வைத்தது மாதிரிதான் இருந்தன. தேய்ந்து உடைந்திருக்குமோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உடையவில்லை, வெட்டும்போதே அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"மேல புள்ளி வந்துட்டா அது ர-தானே தம்பி? கால் மேல யாரு புள்ளி வைப்பா?"

பதினெட்டு வருஷத்தில் கோடிக்கணக்கில் ர் அடித்திருப்பேன். அதில் வால் இல்லாததை ஒரு நாளும் கவனித்ததில்லை. ர எதற்காக வால் வைத்திருக்கிறது என்றும் யோசித்ததில்லை. குழப்பம் வரும் இடத்தில் மட்டும் வால், வராத இடத்தில் எதற்கு? மூன்றுக்கும் வாலை வெட்டினேன். தேர் நேராக நின்றது.

புள்ளி வைப்பதும் நினைத்த மாதிரி சுளுவாக இல்லை. எழுத்தின் அகலத்தை அளந்து நட்ட நடுவில் வைத்தேன். ப், ம் சரியாக இருந்தன. ட் அந்தரத்தில் தொங்கியது. ட-வுக்கு மேலே கோடே கிடையாது. இடது பக்கம் ஒரு சுவர், கீழே ஒரு தரை, அவ்வளவுதான். நடுவில் புள்ளி வைத்தால் அதற்குக் கீழே வெறும் காற்று. சுவர்ப் பக்கம் 60 அலகு நகர்த்தியதும் உட்கார்ந்தது. ஸ்கேலை நம்பின இடத்திலெல்லாம் இப்படித்தான். க-வின் தலை தட்டை, ற-வின் தலை வளைவு. இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் ற குள்ளமாகத் தெரியும். 12 அலகு உயர்த்தினால்தான் சமமாகத் தெரிகிறது. படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் ஒரே கனமாக இருந்தால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும், அதை இழைத்தேன்.

எழுத்து முடிந்து, கோர்க்கிற விதிகளுக்கு வந்தேன். நாம் அடிப்பது க, பிறகு ஒகரக் குறி. திரையில் வர வேண்டியது கொம்பு, க, கால். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை முன்னால் தூக்கிப் போடுவது எழுத்துருவின் வேலை அன்று. ஹார்ஃப்பஸ் போன்ற கோர்ப்பு நிரல்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. நாம் செய்ய வேண்டியது, க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் கு-வைப் போடு என்பது மாதிரியான மாற்று விதிகள். எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் எண் கொடுக்கிற யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடத்தில் கு-வுக்கு இடம் கிடையாது. அது விதியால் மட்டுமே பிறக்கிறது. விதி எழுதாவிட்டால் க-வும் அதன் பக்கத்தில் அநாதையாக ஒரு குறியும்தான் வரும். 36 விதி, அதில் ஒன்றை மறந்தேன். எதை என்று கேட்காதீர்கள், சரி சொல்கிறேன்: நு. நுங்கு வியாபாரிக்கு விசிட்டிங் கார்டு போடும்வரை தெரியவில்லை.

இடைவெளி சரிசெய்யும்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். நடை என்ற சொல்லில் ந-வுக்கும் ட-வுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிந்தது. ந, ட ஜோடிக்கு இடைவெளியைக் குறைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் குறைத்தேன். அசையவில்லை. அடிக்கும் வரிசை ந, ட, ஐகாரக் குறி. கண்ணில் படும் வரிசை ந, குறி, ட. ந-வுக்கும் ட-வுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும்போது நான் இவர்களை நெருங்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இடைவெளி விதிகள் கண்ணில் படும் வரிசையைத்தான் பார்க்கும். அது தெரியாமல் நான் போட்ட குறைப்பெல்லாம் நடனம் என்று அடித்தபோது இடியாக இறங்கியது.

கொ உடைந்து வந்த கதையும் உண்டு. கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. மூன்று நாள் விதிகளைக் குடைந்தேன். குறை எழுத்துருவில் இல்லை. பக்கம் அமைக்கிற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஆங்கிலத்துக்கானதை விட்டிருந்தேன். அதே கோப்பை உலாவியில் திறந்து பார்த்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும். அதன் பிறகு எதையும் இரண்டு இடத்தில் திறந்து பார்க்காமல் விதியைத் தொடுவதில்லை.

இன்னொன்று, எழுத்துருவுக்குள் மேல் உயரம், கீழ் ஆழம் என்ற எண்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. எந்த மென்பொருள் எதைப் படிக்கும் என்பது அதனதன் இஷ்டம். நான் ஆங்கில எழுத்துருக்களைப் பார்த்து 800, 200 என்று வைத்திருந்தேன். "மணமகள் வீட்டார்" என்ற வரியில் வீ-யின் தலைச்சுழி திரையில் சீவப்பட்டு வந்தது. தமிழுக்கு மேலே ஈகாரமும் கீழே ணூ-வும் இருக்கின்றன, இரண்டு பக்கமும் இடம் வேண்டும். மூன்று இடத்திலும் 1050, 450 என்று மாற்றிய பிறகு தலை தப்பியது. வரிக்கு வரி இடைவெளி கூடி, ஒரு பக்கப் பத்திரிகை ஒன்றேகால் பக்கம் ஆனது வேறு விஷயம்.

பதினாலாவது மாசம், ஏ4 தாளில் மூன்று பத்தி அடித்து அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். எங்கள் ஊரைப் பற்றி நானே எழுதிய மேட்டர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தலைகீழாகப் பிடித்தார். பழக்கம், கையில் பிடித்து எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாகத்தான் நிற்கும். பிறகு சிரித்துக்கொண்டே நேராகத் திருப்பினார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். தாராபுரத்தைத் தாண்டினார். தேரைத் தாண்டினார். ண-வில் ஒரு நிமிஷம் நின்று "அகலமாத்தான் இருக்கு, பரவால்ல" என்றார். இரண்டாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது.

"இந்த ளூ-வ யாரு வெட்டினா?"

உள்ளூர் என்ற சொல். கேஸில் இல்லாமல் போனதால், ரூ-வின் வளைவையும் சுழியையும் எடுத்து ள-வுக்கு நானே ஒட்டியது அது. ஙூ, ஞூ மாதிரி யாரும் தேடாதவற்றை விட்டால், 112-இல் அது ஒன்றுதான் ஈயத்தைப் பார்க்காமல் வரைந்தது. அதைத்தான் பிடித்தார்.

"நாந்தான் அண்ணாச்சி. கேஸ்ல இல்ல."

"அதானே பார்த்தேன். ள-வுக்கு வலது பக்கம் ஏற்கெனவே ஒரு கால் நிக்குது. அதுக்கப்புறம் ரூ-வோட வளைவ அப்படியே போட்டா பாரம் ஒரு பக்கமா சாயும்ல. சுழிய உள்ள இழுத்து விடுங்க."

உள்ளே இழுத்து வரைந்தேன். சுழி ள-வின் காலோடு முட்டியது. காலைக் கொஞ்சம் குட்டையாக்கினேன். அப்போது பக்கத்தில் வரும் ள்-ஐவிட ளூ-வின் ள சின்னதாகத் தெரிந்தது. இப்போது மூன்றாவது தடவையாக வரைந்து வைத்திருக்கிறேன். அண்ணாச்சி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், பங்குனிப் பொங்கலுக்குத்தான் வருவார். அதுவரை உள்ளூர் என்று வருகிற இடத்திலெல்லாம் "நம்ம ஊர்" என்று மாற்றிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.